‘பிசியோதெரபி செய்யவும்’ என்று முடியும் டிஸ்சார்ஜ் சம்மரி: எலும்பு அறுவை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் எலும்பு மூட்டு அறுவை மருத்துவர்களுக்கும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும்,

வீட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த எழுபது, எண்பது வயதுப் பெரியவர்களுக்கு நீங்கள் அறுவை செய்கிறீர்கள். அதன் பிறகு அவர்கள் பிசியோதெரபிஸ்டுகளான எங்களிடம் வர வேண்டும். பலர் வருவதே இல்லை. வருகிறவர்கள் கையில் இருக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒவ்வொரு மாத்திரைக்கும் மில்லிகிராம் இருக்கிறது, வேளை இருக்கிறது, எத்தனை நாள் என்பதும் இருக்கிறது. கடைசியில் ஒரு வரி: ‘வாக்கர் வைத்து நடக்கவும், பிசியோதெரபி செய்யவும்.’ எந்தப் பயிற்சி, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், எத்தனை மாதம், யார் சொல்லிக் கொடுப்பது, அறுவை செய்த காலில் எவ்வளவு எடை போடலாம் என்று எதுவும் இல்லை. தையல் பிரித்த பிறகு ஒரு ரிவ்யூ, ஆறு வாரத்தில் ஒரு எக்ஸ்ரே. எலும்பு கூடியிருந்தால் ‘நல்லா இருக்கு, நடங்க’ என்கிறீர்கள். நடக்க முடிகிறதா என்று எழுந்து நடக்க வைத்துப் பார்ப்பது மிகவும் குறைவு.

எக்ஸ்ரேயில் எல்லாம் சரியாக இருக்கும் பலர் வீட்டில் கட்டிலை விட்டு இறங்காமல் கிடக்கிறார்கள். சிலர் மறுபடி விழுந்து அடுத்த பக்கத்து இடுப்பையும் முறித்துக்கொண்டு உங்களிடமே திரும்பி வருகிறார்கள். இதை விதி என்றோ வயசாகிவிட்டது என்றோ விட்டுவிட எங்களால் முடியவில்லை. இதில் பெரும் பகுதி சமநிலைப் பயிற்சி கொடுக்காததால் வருவது. அந்தப் பயிற்சிக்கு மருந்தைப் போலவே அளவு உண்டு, கால வரை உண்டு, பலன் தந்ததா என்று பார்க்கும் சோதனையும் உண்டு. மருந்தை எழுதுவது போலவே அதையும் எழுதித் தாருங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

இந்த நோயாளி விழுந்ததால் எலும்பு முறிந்தது. விழுந்தது ஏன்? பெரும்பாலும் முறிவுக்கு முன்பே கால் தசை தளர்ந்திருக்கிறது, திரும்பும்போது தடுமாற்றம் இருந்திருக்கிறது, பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது, கண்ணில் புரை இருந்திருக்கிறது. அறுவை எலும்பைச் சரிசெய்தது. விழ வைத்த காரணங்களில் ஒன்றைக்கூட அது தொடவில்லை. அதற்கு மேல் புதிய குறைகளும் சேர்ந்துகொள்கின்றன. பக்கவாட்டு வழியாகப் போய், முறிந்த தொடை எலும்புத் தலைக்குப் பதிலாக பைபோலார் என்னும் செயற்கைப் பந்து வைக்கும்போது குளூட்டியஸ் மீடியஸ் தசையின் முன்பகுதியை எடுத்துத் திரும்பத் தைக்கிறீர்கள். தொடை எலும்புக்குள் பி.எஃப்.என். என்னும் உலோக ராடு வைக்கும்போது ராடு இறங்கும் இடமே அந்தத் தசை ஒட்டும் இடம். ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு மறுபக்கம் சரியாமல் பிடித்து நிறுத்துவது அந்தத் தசைதான். நடை என்பதே மாறி மாறி ஒற்றைக் காலில் நிற்பது. அந்தத் தசை வேலை செய்யாவிட்டால் உடம்பு பக்கவாட்டில் ஆடும், ஆடி ஆடி விழும். பக்கவாட்டில், இடுப்பின் மேலேயே விழுவதுதான் இடுப்பெலும்பை முறிக்கும் விழுகை என்பதும் உங்களுக்குத் தெரியும்.

படுக்கையில் கிடப்பதும் தன் பங்குக்குக் கெடுக்கிறது. நோய் எதுவும் இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2007-ல் வெளிவந்தது. பத்தே நாளில் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. முறிவின் வலி, ரத்த இழப்பு, அறுவை, பசியின்மை எல்லாம் சேர்ந்த நோயாளிக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2011-லிருந்தே சொல்வது இது: மருத்துவக் காரணம் எதுவும் தடுக்காவிட்டால் அறுவைக்கு மறுநாளே எழுப்பி நடமாட வைக்க வேண்டும், தினமும் ஒரு முறையாவது. இங்கே பல வார்டுகளில் ஞாயிற்றுக்கிழமை பிசியோதெரபிஸ்ட் இல்லை. சனிக்கிழமை அறுவை நடந்தால் திங்கள் வரை படுக்கைதான். வீட்டுக்குப் போன பிறகோ அந்தத் திங்கட்கிழமையும் வருவதில்லை.

எடை போடுவது பற்றிய குழப்பத்திலிருந்து தொடங்குகிறோம். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான். சம்மரியில் எதுவும் எழுதாதபோது குடும்பம் எடுத்துக்கொள்ளும் பொருள் ‘காலை ஊன்றவே கூடாது’ என்பது. சில சம்மரிகளில் ‘பாதி எடை போடலாம்’ என்று இருக்கிறது. எண்பது வயதுப் பாட்டியால் பாதி எடையை அளந்து ஊன்ற முடியாது. காலணிக்குள் அழுத்தம் அளக்கும் கருவி வைத்து 2018-ல் வெளியிட்ட ஆய்வே, இடுப்பு முறிந்த முதியவர்களால் இப்படிப்பட்ட கட்டுப்பாட்டைக் கடைப்பிடிக்க முடியவில்லை என்று காட்டியது. ஒன்று முழு எடையும் போட்டுவிடுவார்கள், அல்லது பயந்து காலைத் தூக்கியே வைத்துக்கொள்வார்கள். தூக்கி வைத்துக்கொள்பவர்தான் மறுபடி விழுகிறவர். பந்து மாற்றிய எல்லோருக்கும், உறுதியாகப் பொருந்திய ராடு வைத்த பெரும்பாலானவர்களுக்கும் தாங்கும் அளவு எடை போடலாம் என்றால் அதைத் தமிழில் ஒரு வரியாக எழுதிக் கொடுங்கள். போடக் கூடாது என்றால் எந்தத் தேதி வரை என்று எழுதிக் கொடுங்கள். எதுவும் எழுதாமல் விடுவது மட்டும் வேண்டாம்.

இதை எந்த வீட்டிலும் கண்ணால் பார்க்கலாம். குளியலறை எடை பார்க்கும் இயந்திரம் இரண்டை அருகருகே வைத்து, முன்னால் சமையல் மேடையைப் பிடித்தபடி, ஒவ்வொன்றிலும் ஒரு கால் வைத்து நிற்கச் சொல்ல வேண்டும். ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவர், ‘ரெண்டு காலிலும் சமமாத்தான் நிக்கிறேன்’ என்று உறுதியாகச் சொல்வார். முள் ஒரு பக்கம் 35-ஐயும் அறுவை செய்த பக்கம் 15-ஐயும் காட்டும். அவர் ஏமாற்றவில்லை, அந்தக் காலை அவர் மனம் நம்பவில்லை. முள்ளைப் பார்த்துக்கொண்டே மெதுவாக எடையை மாற்றச் சொன்னால் 18, 20, 22 என்று ஏறும். 25-இல் பத்து விநாடி நின்றுவிட்டால் முகமே மாறிவிடும். சமநிலைப் பயிற்சியின் முதல் படி அதுதான். இதற்குத் தேவையானது இரண்டு எடை இயந்திரமும் கால் மணி நேரமும்.

இப்போது ‘பிசியோதெரபி’ என்ற பெயரில் நடப்பதைச் சொல்கிறோம். படுத்தபடி பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்துவது, குதிகாலை இழுத்து முழங்காலை மடக்குவது. இவை முதல் சில நாட்களுக்கு நல்லவை, ரத்தம் உறையாமல் இருக்கவும் தொடைத் தசை தூங்கிப்போகாமல் இருக்கவும் உதவும். மூன்று மாதம் கழித்தும் அதையே செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதுதான் கொடுமை. படுத்துக்கொண்டு செய்யும் எந்தப் பயிற்சியும் நிற்கக் கற்றுக்கொடுக்காது. சில மையங்களில் கரண்ட் வைத்து, சூடு வைத்து அனுப்பிவிடுகிறார்கள். உள்ளே உலோகம் இருக்கும் இடத்தின் மேல் டயதெர்மி (மின்காந்த அலையால் உள்ளே சூடேற்றும் சிகிச்சை) வைப்பது ஆபத்து என்பதையாவது சம்மரியில் எழுதினால் எத்தனையோ பேர் தப்பிப்பார்கள்.

சமநிலைப் பயிற்சிக்கு ஒரே ஒரு விதி: தடுமாற்றம் கொஞ்சமாவது வர வேண்டும், ஆனால் விழ வாய்ப்பே இருக்கக் கூடாது. தடுமாற்றமே வராவிட்டால் உடம்பு எதையும் கற்றுக்கொள்வதில்லை. அதனால் இடம் முக்கியம். அறையின் மூலையில் சுவர்களுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும், முன்னால் கனமான நாற்காலியின் முதுகுப்புறம் இருக்க வேண்டும், பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். பின்னால் சாய்ந்தால் சுவர், முன்னால் சாய்ந்தால் நாற்காலி. வழவழப்பான டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், பிடித்தவுடன் நகர்ந்துவிடும். மர நாற்காலி, சன்னல் கம்பி, சமையல் மேடை இவையே போதும்.

கால்களை இடுப்பகல விரித்து நிற்பதில் தொடங்க வேண்டும். அது எளிதானதும் இரு பாதங்களையும் ஒட்டி வைத்து நிற்க வேண்டும். பிறகு ஒரு பாதத்தின் பெருவிரல் பக்கம் மற்றப் பாதத்தின் குதிகாலைத் தொடும்படி அரை அடி முன்னே. பிறகு ஒரே கோட்டில் குதிகாலும் விரலும் தொட. கடைசியாக ஒற்றைக் கால். ஒவ்வொரு நிலையிலும் பத்து விநாடியில் தொடங்கி முப்பது விநாடி வரை போக வேண்டும். கைப்பிடியையும் படிப்படியாகக் குறைக்க வேண்டும்: இரண்டு உள்ளங்கை, ஒரு உள்ளங்கை, இரண்டு விரல் நுனி, பிறகு கை மேடைக்கு மேலே தொடாமல். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கடினமாக்க வேண்டும். பாதத்தையும் ஒட்டி, கையையும் எடுத்து, கண்ணையும் மூடச் சொன்னால் அன்றே பயந்து பயிற்சியை விட்டுவிடுவார்கள். பல வீடுகளில் பயிற்சி நின்றுபோவது இப்படி ஒரே நாளில் அவசரப்பட்டதால்தான்.

நின்ற இடத்தில் நிலைத்தவுடன் அசைவு வேண்டும். சமையல் மேடையைப் பிடித்தபடி பக்கவாட்டில் ஐந்து எட்டு வைத்துப் போய், ஐந்து எட்டு வைத்துத் திரும்ப வேண்டும். இடுப்பின் பக்கவாட்டுத் தசைக்கு இதைவிட நல்ல பயிற்சி வீட்டில் கிடைக்காது. பக்கவாட்டில் தடுமாறும்போது சட்டென்று ஒரு எட்டு வைத்துத் தப்பிக்கவும் இதுவே பழக்கும். பிறகு பின்னோக்கி நடப்பது, மடித்த துண்டைத் தாண்டுவது, அலமாரியிலிருந்து டம்ளரை எட்டி எடுத்துத் திரும்ப வைப்பது, இரண்டு நாற்காலிகளைச் சுற்றி ‘8’ வடிவில் நடப்பது. நடந்துகொண்டே பேசச் சொல்வதும், நூறிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்து எண்ணச் சொல்வதும் கடைசிக் கட்டம். நடுக்கூடத்தில் தனியே நன்றாக நடப்பவர், வாசலில் யாரோ கூப்பிட்டதும் திரும்பிப் பதில் சொல்லும்போதுதான் விழுகிறார்.

இதோடு பலமும் வேண்டும். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதுதான் முதன்மையான பயிற்சி. நாற்காலி சுமார் 45 செ.மீ. உயரம் இருக்கட்டும். முடியாவிட்டால் மேலே கெட்டியான தலையணை போட்டு உயர்த்தி, வாரம் போகப் போக உயரத்தைக் குறைக்க வேண்டும். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து வைத்து, மூக்கு விரல் நுனிக்கு மேலே வரும்வரை குனிந்து எழ வேண்டும். பெரும்பாலோர் நல்ல காலைப் பின்னே வைத்து அதிலேயே எழுவார்கள், பக்கத்தில் இருப்பவர் அதைத்தான் கவனிக்க வேண்டும். குதிகால் உயர்த்துதல், நின்றபடி காலைப் பக்கவாட்டில் தூக்குதல் இவற்றுக்குக் கணுக்காலில் அரைக் கிலோ மணல் பையில் தொடங்கலாம். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 1990-களில் உருவான பயிற்சித் திட்டமும் இப்படித்தான்: கணுக்கால் எடை, சமநிலைப் பயிற்சி, நடை, வீட்டுக்குப் போய்ச் சொல்லிக் கொடுத்துப் படிப்படியாகக் கூட்டுவது. பெரிய இயந்திரம் எதுவும் அதில் இல்லை.

அளவு என்ன என்று கேட்பீர்கள். உடற்பயிற்சியால் முதியோர் விழுவது 23 விழுக்காடு குறைகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிட்டு 2019-ல் வந்த காக்ரேன் தொகுப்பு சொல்கிறது. சமநிலைக்கு உண்மையிலேயே சவால் விடும் பயிற்சியை வாரம் மூன்று மணி நேரத்துக்கு மேல் செய்தவர்களிடம் பலன் இன்னும் கூடுதல் என்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. இவை வீட்டில் வாழும் பொதுவான முதியோரை வைத்துச் சொன்னவை, இடுப்பு முறிந்தவர்களை மட்டும் வைத்துச் சொன்னவை அல்ல. ஆனாலும் அவர்களைவிடப் பலவீனமான நம் நோயாளிக்கு அதைவிடக் குறைவாகக் கொடுத்துப் பலனை எதிர்பார்ப்பதில் நியாயம் இல்லை. தினமும் காலை கால் மணி, மாலை கால் மணி என்றால் வாரம் மூன்றரை மணி நேரம் ஆகிறது. ஆறு மாதம் தொடர வேண்டும். பத்து நாள் வந்து பணம் கட்டிவிட்டு நின்றுவிடும் பிசியோதெரபியால் இது நடக்காது.

வீட்டுச் சூழலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வாக்கரை மருந்துக் கடையில் வாங்கி, கடைக்காரர் வைத்த உயரத்திலேயே பயன்படுத்துகிறார்கள். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு வரும் உயரத்தில் கைப்பிடி இருக்க வேண்டும், பிடிக்கும்போது முழங்கை சற்றே மடங்கியிருக்க வேண்டும். காலில் இருக்கும் பொத்தானை அழுத்தி நான்கு காலையும் ஒரே துளையில் மாட்ட இரண்டு நிமிடம் ஆகும். உயரம் அதிகமானால் தோள் தூக்கிக்கொண்டு கையில் பலமே இருக்காது, குறைந்தால் கூனி நடந்து முன்னால் கவிழ்வார்கள். அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்து உலோகம் தெரிந்தும் மாற்றாத வாக்கர்களைத் தொடர்ந்து பார்க்கிறோம். இன்னொன்று: நம் வீடுகளில் பல குளியலறைக் கதவுகள் இரண்டு அடி அகலம்தான். வாக்கர் உள்ளே போகாது. அதனால் வாசலில் வாக்கரை விட்டுவிட்டு, ஈரத் தரையில், பிடிக்க எதுவும் இல்லாமல், முதல் இரண்டு எட்டு வைக்கிறார்கள். நிலைப்படி ஒன்று குறுக்கே இருந்தால் இன்னும் மோசம். கதவுக்கு உள்ளே கை எட்டும் தூரத்தில் சுவரில் திருகி மாட்டிய ஒரு கம்பி இதைத் தீர்க்கும். துண்டு காயப்போடும் கம்பியைப் பிடித்தால் அது கையோடு வந்துவிடும்.

இந்தியக் கழிப்பறையில் குந்துவது பந்து மாற்றியவருக்கு, அதுவும் பின்பக்க வழியாக அறுவை செய்தவருக்கு, மூட்டு கழன்றுவிடும் அளவுக்கு ஆபத்து. தரையில் சம்மணமிட்டுச் சாப்பிடுவதும், கால்மேல் கால் போடுவதும், தாழ்வான கட்டிலில் உட்காருவதும் அப்படியே. எந்த வழியாக அறுவை செய்தீர்கள் என்பதைக் குடும்பத்துக்குப் புரியும்படி எழுதாவிட்டால் எதைத் தவிர்ப்பது, எத்தனை வாரம் என்று எங்களாலும் சொல்ல முடியாது. தேவையில்லாதவருக்கும் எல்லாத் தடையையும் சொல்லிப் பயமுறுத்த வேண்டியிருக்கிறது. அந்தப் பயமே பிறகு நடையைக் கெடுக்கிறது.

நடத்திக் கூட்டிப்போகும் முறையையும் வார்டிலேயே காட்டிவிடலாம். மகனோ மருமகளோ எதிரில் நின்று இரண்டு கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னோக்கி நடக்கிறார்கள். அப்போது பெரியவரின் உடம்பு பின்னால் சாய்ந்துகொள்ளும், தானே நிற்க ஒருபோதும் பழகாது. நிற்க வேண்டிய இடம் அறுவை செய்த காலின் பக்கம், அரை எட்டுப் பின்னால். இடுப்பைச் சுற்றி ஒரு துண்டை மடித்து இறுகக் கட்டி அதைப் பிடித்துக்கொண்டால் போதும், கையைப் பிடிக்கவே வேண்டாம். வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறும்போது தடி நல்ல கால் பக்கத்துக் கையில் இருக்க வேண்டும். ஏறத்தாழ எல்லோரும் வலிக்கிற பக்கத்திலேயே பிடிக்கிறார்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். தரையைத் தொடும் நைட்டியையும் சேலைக் கரையையும் கணுக்காலுக்கு மேலே ஏற்றச் சொல்வதும், தேய்ந்த ரப்பர் செருப்பை மாற்றச் சொல்வதும்கூட மருத்துவ ஆலோசனைதான்.

மருந்துகளில் உங்கள் உதவி தேவை. தூக்க மாத்திரை, இரவு போடும் பிரஷர் மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை இவற்றில் சில எழுந்தவுடன் ரத்த அழுத்தத்தை இறக்கிவிடும். படுத்திருக்கும்போது ஒரு முறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை அழுத்தம் பார்த்தால் தெரிந்துவிடும். மேல் அளவு 20-ஓ கீழ் அளவு 10-ஓ குறைந்தால் மருந்தை மாற்றாமல் எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் விடியற்காலையில் கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுவார். எலும்பு வலுவுக்கான மருந்தையும் வீட்டுக்கு அனுப்பும் முன்பே முடிவு செய்துவிடுங்கள், ரிவ்யூவுக்கு வராதவருக்கு அது கிடைக்காமலே போகிறது.

‘மறதி நோய் இருக்கு, சொன்னா கேக்க மாட்டாங்க’ என்று சிலரைப் பயிற்சியிலிருந்து ஒதுக்கிவிடுவதை நாங்கள் ஏற்கவில்லை. நினைவு தடுமாறியவருக்கு மாற வேண்டியது சொல்லும் விதம். நீண்ட கட்டளை வேண்டாம். ‘அம்மா, அந்தப் பூவை எடுத்துக் கொடுங்க’ என்றால் எழுந்து எட்டி எடுப்பார். அதுவே எழுந்து நிற்கும் பயிற்சி, எட்டும் பயிற்சி. தினமும் ஒரே நேரம், ஒரே நாற்காலி, ஒரே ஆள். இவர்கள்தான் மற்றவர்களைவிட அதிகம் விழுகிறவர்கள், இவர்களையே விலக்கி வைப்பது அநீதி.

பலன் தந்ததா என்று பார்ப்பது எளிது. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று கைபேசியில் பார்த்தால் போதும். பொதுவான முதியோருக்கு 12 விநாடிக்கு மேல் போனாலே எச்சரிக்கை. இடுப்பு அறுவைக்குப் பின் வீட்டுக்குப் போகும்போது 24 விநாடியோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் விழும் வாய்ப்பு அதிகம் என்று டென்மார்க்கிலிருந்து 2007-ல் வந்த ஆய்வு காட்டியது. இந்த ஒரு எண் சம்மரியில் இருந்தால், அடுத்து பார்க்கும் எவருக்கும் இவர் முன்னேறுகிறாரா சரிகிறாரா என்று தெரிந்துவிடும். நன்றாக நடந்துகொண்டிருந்தவரின் நேரம் திடீரென்று கூடினால், தொடை இடுக்கில் புதிதாக வலி வந்தால், கால் குட்டையாகித் திரும்பிக்கொண்டால், ஸ்குரூ எலும்பைத் துளைத்து வெளியே வருகிறதோ என்று உடனே உங்களிடம் அனுப்பவும் அதுவே உதவும்.

ஆள் இல்லை, நேரம் இல்லை என்ற பதில் வரும் என்று தெரியும். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்யும் ஏற்பாடு இருக்கிறது. அந்தப் பிசியோதெரபிஸ்டின் பட்டியலில் நேற்று டிஸ்சார்ஜ் ஆன பாட்டியின் பெயர் ஏற வேண்டுமானால் யாராவது தகவல் சொல்ல வேண்டும். பல சமயம் யாரும் சொல்வதில்லை, மூன்று மாதம் கழித்து அந்தத் தெருவில் வேறொருவரைப் பார்க்கப் போகும்போது தற்செயலாகத் தெரியவருகிறது. அதற்குள் முழங்கால் மடங்கியபடியே இறுகி, புண்ணும் வந்துவிட்டிருக்கும். ஒரு தொலைபேசி அழைப்பால் தவிர்த்திருக்கக்கூடியது அது.

ஆகவே எங்கள் கோரிக்கைகள். முதலாவதாக, இடுப்பெலும்பு முறிவு டிஸ்சார்ஜ் சம்மரியில் தமிழில் ஒரு பக்கம் சேருங்கள். என்ன அறுவை, எந்த வழி, எவ்வளவு எடை போடலாம், எதை எத்தனை வாரம் தவிர்க்க வேண்டும், வாக்கர் எந்தத் துளையில், மூன்று மீட்டர் நடைக்கு எத்தனை விநாடி, சமநிலைப் பயிற்சி தினம் அரை மணி ஆறு மாதம் என்பவை அதில் இருக்கட்டும். மாதிரிப் படிவத்தை நாங்களே எழுதித் தருகிறோம், உங்கள் ஒப்புதல் மட்டும் வேண்டும்.

அறுவைக்கு மறுநாள் எழுப்புவது ஞாயிறுக்கும் விடுமுறைக்கும் நிற்கக் கூடாது. பிசியோதெரபிஸ்ட் இல்லாத நாளில் வார்டு செவிலியர் எழுப்பி உட்கார வைத்து நிறுத்துவதற்கு எழுத்தில் அனுமதி கொடுங்கள். இப்போது பலர் அனுமதி இல்லாததால் தயங்குகிறார்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளன்றே வட்டாரப் பிசியோதெரபிஸ்டுக்கு நோயாளியின் ஊரும் தொடர்பு எண்ணும் போக வேண்டும், ஒரு வாரத்துக்குள் முதல் வீட்டு வருகை நடக்க வேண்டும். இதைச் செய்யும் பொறுப்பு யாருடையது என்று ஒவ்வொரு மருத்துவமனையும் ஒருவரைப் பெயர் குறித்து நியமிக்க வேண்டும்.

ஆறாவது வாரமும் பன்னிரண்டாவது வாரமும் ரிவ்யூவில் எக்ஸ்ரேயோடு நடையையும் பாருங்கள். அறைக்குள் மூன்று மீட்டர் இல்லாவிட்டால் வராந்தா போதும்.

பிரிட்டனில் 2007-ல் தொடங்கிய தேசிய இடுப்பு முறிவுப் பதிவேடு, நோயாளி 120 நாள் கழித்து எப்படி இருக்கிறார் என்பதையும் கேட்டுப் பதிகிறது. உயிரோடு இருக்கிறாரா, எங்கே இருக்கிறார், எப்படி நடக்கிறார், எலும்பு மருந்தைத் தொடர்கிறாரா. இதே கேள்விகளோடு மறுபடி விழுந்தாரா என்பதையும் சேர்த்து உங்கள் துறையிலேயே ஒரு பதிவேடு தொடங்குங்கள். நூறு அறுவை செய்தோம் என்ற கணக்கோடு அதில் எத்தனை பேர் நாலு மாதத்தில் தனியே கழிப்பறைக்குப் போகிறார்கள் என்ற கணக்கும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. காப்பீட்டுத் தொகுப்புகளில் எதற்கு எவ்வளவு என்று பேசும் கூட்டங்களில் உங்கள் குரலுக்கு இருக்கும் எடை எங்கள் குரலுக்கு இல்லை. இம்ப்ளாண்ட், அறுவை அரங்கு, படுக்கை நாள் என்று வரிசையாகக் கணக்குப் போடும்போது, ஆறு மாதச் சமநிலைப் பயிற்சியையும் வாக்கர், கமோடு நாற்காலி, குளியலறைக் கம்பி ஆகியவற்றையும் அறுவையின் ஒரு பகுதியாகவே சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். எங்களையும் அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள், கணக்கோடு வருகிறோம்.

உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
முதியோர் மறுவாழ்வுப் பணியில் இருக்கும் பிசியோதெரபிஸ்டுகள்